வெளிமாநிலம் செல்லும் சரக்கும் லாரிக் கம்பெனியின் பதிவும்

நமது நெசவாளர் சங்கங்களில் ஒரு சேலை உள்ளே வரும்போது அதற்கு நடைபெறும் பரிசோதனை சாமானியமானதன்று. நீளமும் அகலமும் அளக்கப்படுகின்றன. பாவும் ஊடையும் எண்ணப்படுகின்றன. சாயம், கரை, முந்தி, சரிகை ஆகிய யாவும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கப்படுகின்றன. விவசாயிகளின் விற்பனைச் சங்கங்களிலும் இதே கண்டிப்புத்தான். விரலி வேறு, கிழங்கு வேறு என்று மஞ்சள் தரம் பிரிக்கப்பட்டு, ஈரம் பார்க்கப்பட்டு, எடை போடப்பட்ட பின்னரே மூட்டையின் வாய் தைக்கப்படுகிறது. ஆயினும் அதே சரக்கு ஐம்பது அறுபது சிப்பங்களாகக் கட்டப்பட்டு, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சந்தைக்குப் புறப்படும் வேளையில் நாம் கேட்பது ஒரே கேள்விதான்: வாடகை எவ்வளவு? இந்தச் சரக்கை ஏற்றுக்கொள்பவர் யார், அவர் அத்தொழிலை நடத்துவதற்குச் சட்டப்படி பதிவு பெற்றவரா, சரக்கு வழியில் அழிந்துபோனால் அவர் எவ்வளவுக்குப் பொறுப்பாளி என்னும் கேள்விகளைக் கேட்கும் காரியதரிசிகள் மிகச் சிலரே.

கேட்காமைக்குக் காரணம் அலட்சியம் என்று நாம் கூறமாட்டோம். லாரித் தொழிலில் பதிவு என்னும் சொல் பல பொருள்களில் வழங்குகிறது. வண்டிக்கு ஒரு பதிவு உண்டு. வண்டி எல்லை கடப்பதற்கு ஓர் அனுமதி உண்டு. சரக்கை ஏற்கும் கம்பெனிக்குத் தனியாக ஒரு பதிவு உண்டு. வரி இலாகாவில் இன்னொரு பதிவு உண்டு. ஒன்றைக் காட்டினால் மற்றவையும் இருப்பதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். இவை நான்கும் வெவ்வேறு சட்டங்களின் கீழ், வெவ்வேறு நோக்கத்துக்காக ஏற்பட்டவை. இவற்றுள் நமது சரக்கைக் காப்பது எது என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

வண்டியின் தாள்கள்

வண்டியைப் பற்றிய தாள்கள் பெரும்பாலோர்க்குத் தெரிந்தவையே. ஆர்.சி. எனப்படும் பதிவுப் புத்தகம், எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றிதழ், இன்ஷூரன்ஸ், பர்மிட், ஓட்டுநரின் லைசென்ஸ் ஆகியவை அவை. புதிய சரக்கு வண்டிகளுக்கு எட்டு ஆண்டு வரையில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதன் பின் ஆண்டுதோறும் எஃப்.சி. புதுப்பிக்கப்பட வேண்டும் என்பது 2018-ஆம் ஆண்டில் ஏற்பட்ட திருத்தம். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சிறிய சரக்கு வண்டிகளுக்கு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆவது பிரிவு பர்மிட் வேண்டாமென விலக்கு அளித்திருக்கிறது. ஆகவே, நமது கிடங்கிலிருந்து பெரிய லாரி நிற்கும் இடம்வரை சிப்பங்களைக் கொண்டுசெல்லும் சிறிய வண்டியிடம் பர்மிட் இல்லையே என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

பர்மிட்டின் வரலாறு சிறிது சுவையானது. ஒரு மாநிலம் அளித்த பர்மிட் இன்னொரு மாநிலத்தில் தானாகச் செல்லுபடியாகாது. அந்த மாநிலத்து அதிகாரி அதில் மேலொப்பம் இட வேண்டும் என்பது 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டக் காலம்தொட்டு வந்த விதி. பல மாநிலங்களைக் கடந்து செல்லும் வண்டிக்காரருக்கு இது பெருந்தொல்லையாக இருந்தது. நேஷனல் பர்மிட் என்னும் ஏற்பாடு வந்த பின்னரும், தமது சொந்த மாநிலம் உட்பட அடுத்தடுத்துள்ள நான்கு மாநிலங்களுக்குக் குறையாமல் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியே கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. 2010-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் இந்தியா முழுமைக்கும் ஒரே தொகையாக ஆண்டுக்கு 15,000 ரூபாய் செலுத்தினால் போதும் என்ற புதுமுறை நடைமுறைக்கு வந்தது. 2012-ஆம் ஆண்டில் அத்தொகை 16,500 ரூபாயாயிற்று. பன்னிரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட சாதாரண லாரிக்கும், பதினைந்து ஆண்டுக்கு மேற்பட்ட பல அச்சு லாரிக்கும் நேஷனல் பர்மிட் கிடையாதென மத்திய விதிகள் வரையறுத்தன. பழைய வண்டி ஒன்று சொற்ப வாடகைக்கு வடக்கே செல்ல ஒப்புக்கொள்ளுமாயின், அதன் வயதைப் பார்த்துக்கொள்வது நலம்.

மேற்கண்டவற்றைச் சரிபார்ப்பது முன்பெல்லாம் கடினமாக இருந்தது. லாரி வாசலில் நின்று அவசரப்படும்போது யார் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார்? இப்பொழுது மத்திய அரசாங்கத்தின் பரிவாஹன் இணையதளத்திலோ, கைபேசியில் எம்-பரிவாஹன் செயலியிலோ வண்டியின் எண்ணைப் பதித்தால், எஃப்.சி., இன்ஷூரன்ஸ், பர்மிட் ஆகியவை எந்தத் தேதி வரையில் செல்லும் என்பது தெரிந்துவிடும். கிடங்குக் குமாஸ்தாவுக்கு இதைச் செய்ய ஐந்து நிமிஷம் கூடப் பிடிக்காது.

ஒரு விஷயத்தை மாத்திரம் இவ்விடத்தில் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். லாரிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று ஓட்டுநர் காட்டும் தாள், சட்டம் கட்டாயமாக்கிய மூன்றாம் தரப்பினருக்கான காப்பீடு ஆகும். சாலையில் மோதுண்டவருக்கு நஷ்ட ஈடு கிடைப்பதற்காக ஏற்பட்டது அது. லாரியின் மேல் ஏற்றப்பட்டுள்ள நமது சேலைக்கும் மஞ்சளுக்கும் அதில் ஒரு காசும் இல்லை. சரக்குக்கு வேண்டுமானால் சங்கமே தனியாகப் பிரயாணக் காப்பீடு எடுத்தாக வேண்டும்.

கம்பெனியின் பதிவு

இனி, நாம் சாதாரணமாகக் கேட்க மறந்துவிடும் பதிவுக்கு வருவோம். சரக்கை ஏற்றுச்செல்வோரின் பொறுப்பைப் பற்றி இந்நாட்டில் முதலில் எழுதப்பட்ட சட்டம் 1865-ஆம் ஆண்டின் கேரியர்ஸ் சட்டமாகும். மோட்டார் வண்டியைக் கண்ணால் கண்டிராத காலத்துச் சட்டம் அது. அதன் இறுதியில் விலையுயர்ந்த சரக்குகளின் பட்டியல் ஒன்று இணைக்கப்பட்டிருந்தது. தங்கம், வெள்ளி, கடிகாரம் முதலியவற்றோடு பட்டும், சால்வையும், பொன் வெள்ளி இழை கலந்த துணியும் அப்பட்டியலில் இடம்பெற்றிருந்தன. இவ்வகைச் சரக்கு நூறு ரூபாய்க்கு மேற்பட்டதாயின், அதன் மதிப்பையும் தன்மையையும் ஒப்படைக்கும்போதே வெளிப்படையாகச் சொல்லியிருந்தாலன்றி, வண்டிக்காரர் அதன் இழப்புக்குப் பொறுப்பாகார் என்று அச்சட்டம் விதித்தது. பட்டும் சரிகையும் நெய்யும் நமது காஞ்சிபுரத்து அங்கத்தினர்களுக்கு அக்காலத்திலேயே சட்டம் ஓர் எச்சரிக்கை விடுத்திருக்கிறது என்று கொள்ளலாம்.

அந்தச் சட்டம் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு நீடித்தது. அதன் இடத்தில் 2007-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் இயற்றிய சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2011-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 1-ஆம் தேதி முதல் அமலுக்கு வந்தது. பழைய சட்டத்தில் இல்லாத புதிய ஏற்பாடு ஒன்று இதில் இருக்கிறது. பொதுச் சரக்கு ஏற்றுநராகத் தொழில் நடத்தும் எவரும் அதற்கென்று பதிவுச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். வண்டியின் ஆர்.சி. புத்தகம் இதற்கு ஈடாகாது. இது தொழிலை நடத்துபவரின் பேரில் வழங்கப்படுவது. மாநிலப் போக்குவரத்து ஆணையமோ வட்டாரப் போக்குவரத்து ஆணையமோ இதனை வழங்கும். பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் புதுப்பிக்க வேண்டும்.

பொதுச் சரக்கு ஏற்றுநர் என்பவர் யார்? சொந்த லாரி வைத்திருப்பவர் மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது. வேறுபாடின்றி யாவருடைய சரக்கையும் வாடகைக்கு ஏற்றுச்செல்வோர், ரசீது கொடுத்துச் சரக்கைத் திரட்டி, சேமித்து, அனுப்பி, பகிர்ந்தளிப்போர் அனைவரும் இவ்விலக்கணத்துள் அடங்குவர். புக்கிங் ஆபீஸ், கான்டிராக்டர், ஏஜெண்டு, புரோக்கர், வீட்டுக்கு வீடு கொண்டுசேர்க்கும் கூரியர் ஆகியோரையும் சட்டம் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. இது நமக்கு மிகவும் முக்கியமானது. ஏனெனில், ஈரோட்டிலோ கரூரிலோ சேலத்திலோ நாம் சரக்கை ஒப்படைப்பது பெரும்பாலும் லாரி உரிமையாளரிடமன்று, புக்கிங் ஆபீஸில்தான். அவரிடம் ஒரு லாரியும் சொந்தமாக இராது. நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ இருந்து வந்த ஒரு வண்டியை அன்றைய வாடகைக்குப் பிடித்து நமது சரக்கை ஏற்றிவிடுவார். சரக்கு போய்ச் சேராதபோது, நான் வெறும் தரகன், லாரிக்காரரைக் கேளுங்கள் என்பார். லாரிக்காரரோ, உங்களை நான் அறியேன், ஆபீஸில் கேளுங்கள் என்பார். இவ்விருவருக்கும் இடையில் பந்தாக உருளும் நிலை இனி வேண்டாமென்றுதான் தரகரையும் பதிவுக்குள் கொண்டுவந்தது சட்டம்.

பதிவின்றித் தொழில் நடத்தினால் முதற் குற்றத்துக்கு 5,000 ரூபாய் வரையிலும், பிந்திய குற்றத்துக்கு 10,000 ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கலாம். ஒரு லோடு வாடகைக்கும் போதாத இந்தத் தொகை எவரையும் அச்சுறுத்தும் என்று நாம் நம்பவில்லை. ஆகவே அபராதத்துக்குப் பயந்து எல்லோரும் பதிவு செய்திருப்பார்கள் என்று சங்கம் சும்மா இருந்துவிடலாகாது. சான்றிதழைக் காட்டும்படி கேட்க வேண்டும். எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ள வேண்டும். பதிவு பெற்றவருக்கு நிலையான ஓர் அலுவலகம், அரசாங்க ஏட்டில் ஒரு முகவரி, ரத்தாகக் கூடிய ஒரு சான்றிதழ் ஆகியவை இருக்கின்றன. வழக்கு என்று வந்தால் நோட்டீஸ் போய்ச் சேர ஓர் இடம் இருக்கிறது. நமக்கு வேண்டியது அதுவே.

நிற்க. ஒரே லாரியை வைத்துக்கொண்டு, தாமே ஓட்டிப் பிழைக்கும் நம் ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களுள் பலர் நாணயமானவர்கள். ஒரு சிப்பம் குறைந்தாலும் தாமே தேடிக் கொணர்பவர்கள். இத்தகையோரை ஒதுக்கிவிட வேண்டுமென்பது நமது அபிப்பிராயமன்று. ஆனால் யாவருடைய சரக்கையும் ஏற்பவராக அவர் இருப்பின் அவருக்கும் இச்சட்டம் பொருந்தும். ஒரே சங்கத்துடன் மட்டும் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்து அதன் சரக்கையே ஏற்றிச் செல்பவராயின் நிலைமை வேறு. அப்பொழுது அவருடைய பொறுப்பை ஒப்பந்தத்தின் ஷரத்துக்களே தீர்மானிக்கும். வாய்ப் பேச்சோடு விட்டுவிடாமல் அந்த ஷரத்துக்களை எழுதிக்கொள்வது அவருக்கும் நல்லது, சங்கத்துக்கும் நல்லது.

இரண்டு சீட்டுகள்

பதிவு பெற்ற கம்பெனியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மட்டும் சரக்குக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. சட்டம் இரண்டு சீட்டுகளைப் பற்றிப் பேசுகிறது. ஒன்று, சரக்கை அனுப்புபவர் எழுதித் தரும் ஒப்படைப்புச் சீட்டு. மற்றொன்று, கம்பெனி தரும் சரக்கு ரசீது. அதாவது நாம் எல்.ஆர். என்று வழங்குவது. எல்.ஆர். பிரதியைப் பத்திரப்படுத்தாத சங்கம் இல்லை. ஒப்படைப்புச் சீட்டையோ பெரும்பாலும் புக்கிங் ஆபீஸ் குமாஸ்தாவே நிரப்பிவிடுகிறார். நம் ஆள் அடியில் கையெழுத்திடுகிறார். சரக்கின் மதிப்பு என்ற கட்டத்தில் என்ன எழுதப்பட்டது என்று யாரும் பார்ப்பதில்லை. நஷ்டம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

2011-ஆம் ஆண்டு விதிகளின்படி, சரக்கு அழிந்தாலோ சேதமுற்றாலோ கம்பெனியின் பொறுப்பு, செலுத்திய அல்லது செலுத்த வேண்டிய வாடகையைப் போல் பத்து மடங்குடன் நின்றுவிடுகிறது. அப்படிக் கணக்கிட்ட தொகையும் ஒப்படைப்புச் சீட்டில் எழுதிய மதிப்புக்கு மேற்போகலாகாது. இதன் பொருளை ஒரு கணக்கால் விளக்குவோம். ஒரு சங்கம் 6,00,000 ரூபாய் மதிப்புள்ள சேலைகளைப் பார்சலாக அனுப்புகிறது என்றும், அதற்கு வாடகை 8,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். சரக்கு முழுவதும் தீக்கிரையாகிவிட்டது. கம்பெனி தர வேண்டியது பத்து மடங்கு வாடகையாகிய 80,000 ரூபாய். எஞ்சிய 5,20,000 ரூபாய் சங்கத்தின் தலையில் விழுகிறது. அந்தத் தொகைக்குள் நூல் வாங்கிய கடன் இருக்கிறது. தறியில் உட்கார்ந்து நெய்தவரின் கூலி இருக்கிறது. பாவு ஓட்டியவர்களின் கூலி இருக்கிறது. துணியின் விலை ஏற ஏற இந்த இடைவெளியும் அகலுகிறது. இரும்பும் சிமெண்டும் அனுப்புவோருக்கு மதிப்பைப் பார்க்க வாடகை அதிகம். ஆகவே பத்து மடங்கு என்பது அவர்களுக்குப் பெருங்குறையன்று. எடை குறைந்து விலை மிகுந்த கைத்தறிச் சரக்குக்கோ இவ்விதி கடுமையானது.

மதிப்பைக் குறைத்து எழுதினால் ஏதோ லாபம் என்று நினைப்போரும் உளர். மேற்படி சேலைகளுக்கு 50,000 ரூபாய் என்று சீட்டில் எழுதிவிட்டால், அந்த 80,000 ரூபாயும் கிடைக்காமல் 50,000 ரூபாயோடு முடிந்துவிடும். மேலும், சீட்டில் எழுதிய விவரம் உண்மையாக இருக்க வேண்டிய கடமை அனுப்புபவருடையது.

இதற்குச் சட்டமே ஒரு வழியும் வைத்திருக்கிறது. அதிகப் பொறுப்பை ஏற்பதற்காகக் கம்பெனி அதிக வாடகை கேட்கலாம். அவ்வாடகையைத் தர நாம் எழுத்து மூலம் இசைந்தால், ஒப்புக்கொண்ட நிபந்தனையின்படி கம்பெனியின் பொறுப்பும் உயர்கிறது. ஆனால் அந்த உயர்ந்த விகிதத்தை ஆங்கிலத்திலும் மாநில மொழியிலும் எழுதியோ அச்சிட்டோ தொழில் நடத்தும் இடத்தில் பார்வைக்கு வைத்திருந்தால்தான் கம்பெனி அதனைக் கேட்க முடியும். நமது காரியதரிசிகள் அடுத்த முறை புக்கிங் ஆபீஸுக்குச் செல்லும்போது அப்படி ஒரு தமிழ் அறிவிப்பு சுவரில் இருக்கிறதா என்று பார்க்கட்டும். இல்லையாயின், ஏன் இல்லை என்று கேட்கட்டும். அதிக வாடகை தருவதா, அன்றித் தனியாகச் சரக்குக் காப்பீடு எடுப்பதா என்பதை இரண்டின் செலவையும் ஒப்பிட்டு நிர்வாகக் குழு முடிவு செய்யலாம். ஆண்டு முழுவதும் அடிக்கடி அனுப்பும் சங்கங்களுக்குக் காப்பீடே மேல் என்பது நமது கருத்து.

கம்பெனியோ அதன் வேலையாட்களோ ஏஜெண்டுகளோ செய்த குற்றத்தினால் சரக்கு போயிற்று என்றால், ஒப்படைப்புச் சீட்டை ஒட்டியே அவர்கள் பொறுப்பாளிகளாவர் என்று 12-ஆவது பிரிவு கூறுகிறது. இழப்பு அவர்களுடைய கவனக்குறைவால் நேர்ந்தது என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை என்பதும் அப்பிரிவிலேயே உள்ளது. இயற்கையின் சீற்றம், போர், கலகம், சட்டப்படியான பறிமுதல், அரசாங்கத் தடை போன்ற காரணங்களைக் காட்டிக் கம்பெனி விடுபடலாம்; எனினும், தக்க எச்சரிக்கையோடு இருந்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்றால் அக்காரணங்களும் உதவமாட்டா.

பழக்காரரும் காய்கறி விளைவிப்போரும் தனியே கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, காலதாமதம். இத்தனை நாளில் சேர்க்க வேண்டும் என்று இருதரப்பாரும் பேசி ஒப்படைப்புச் சீட்டில் எழுதிக்கொண்டால், அந்தக் கெடுவுக்குட்பட்ட தாமதத்துக்குக் கம்பெனியின் பொறுப்பு வாடகைத் தொகையளவோடு நிற்கிறது. கெடுவைத் தாண்டினால் முன் சொன்ன பெரிய பொறுப்பு வந்து சேர்கிறது. வாழைத் தாருக்கும் கைத்தறித் துண்டுக்கும் ஒரே கெடு எழுதுவது பொருந்தாது. நாளை எழுதாமல் விடுவது அதைவிடப் பொருந்தாது. இரண்டாவது, சரக்கைப் பெறுபவர் வந்து எடுக்காமை. மற்றச் சரக்குகளுக்கு நோட்டீஸ் தேதியிலிருந்து முப்பது நாள் தவணை உண்டு; அழுகும் சரக்குக்கோ, நோட்டீஸ் சேர்ந்து இருபத்துநான்கு மணி நேரம் ஆனால் உரிமை கோரப்படாததாகக் கருதப்பட்டு, கம்பெனி அதனை விற்கலாம். ஆதலால் வாங்குபவருடைய சரியான முகவரியும் தொலைபேசி எண்ணும் சீட்டில் இருக்கின்றனவா என்று பார்த்தே லாரியை அனுப்ப வேண்டும்.

நூற்றெண்பது நாட்கள்

சரக்கு காணாமற்போனால் நாம் சாதாரணமாகச் செய்வது என்ன? புக்கிங் ஆபீஸுக்கு நடக்கிறோம். விசாரிக்கிறோம் என்கிறார்கள். ஒரு மாதம் கழிகிறது. வேறு டிப்போவில் தவறி இறங்கியிருக்கலாம் என்கிறார்கள். இன்னும் இரண்டு மாதம் கழிகிறது. பண்டிகை முடியட்டும், கணக்குத் தீர்க்கிறோம் என்கிறார்கள். தொழில் உறவைக் கெடுத்துக்கொள்ள வேண்டாமென்று நாமும் பொறுக்கிறோம். இந்தப் பொறுமைதான் நம்மைக் கவிழ்த்துவிடுகிறது.

சட்டத்தின் 16-ஆவது பிரிவின்படி, இழப்பைப் பற்றி எழுத்து மூலமான நோட்டீஸ் கம்பெனிக்குக் கொடுக்கப்படாமல் வழக்குத் தொடர முடியாது. அந்த நோட்டீஸ், சரக்கு புக் செய்த தேதியிலிருந்து நூற்றெண்பது நாட்களுக்குள் சேர்ந்திருக்க வேண்டும். பழைய 1865-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆறு மாதக் கெடு இழப்பை நாம் அறிந்த நாளிலிருந்து தொடங்கிற்று. புதிய சட்டத்திலோ புக் செய்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடுகிறது. பழைய விதியை மனத்தில் வைத்துக்கொண்டு, இப்பொழுதுதானே தெரிந்தது என்று ஆறுதலாக இருந்தால் உரிமை போய்விடும். வாய்மொழிப் புகாரும் தொலைபேசிப் பேச்சும் நோட்டீஸ் ஆகா. தபாலில், ஒப்புகைச் சீட்டுடன், எல்.ஆர். எண், தேதி, சிப்பங்களின் எண்ணிக்கை, மதிப்பு ஆகியவற்றைக் கண்டு எழுதி அனுப்புவதே முறை. பேச்சுவார்த்தை நடந்தவண்ணம் இருக்கட்டும். நோட்டீஸ் அதற்குத் தடையன்று.

எல்.ஆர். ரசீதில் உரிமையாளர் பொறுப்பில் அனுப்பப்படுகிறது என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு சிலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். 1865-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எழுந்த ஒரு வழக்கில், அத்தகைய வாசகம் கம்பெனியின் கவனக்குறைவை மன்னித்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. நூற்பாலை ஒன்று ஒப்படைத்த பருத்தி நூல் லாரி விபத்தில் சேதமுற்ற வழக்கு ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வின் முன் வந்து 2010-ஆம் ஆண்டில் தீர்க்கப்பட்டது. காப்பீட்டுக் கம்பெனி ஆலைக்குப் பணம் கொடுத்த பின்னர், இருவரும் சேர்ந்து லாரிக் கம்பெனியின் மீது புகார் செய்தது செல்லும் என்று அதில் முடிவாயிற்று. ஆனால் வியாபார நோக்கத்துக்காகப் பெறும் சேவைகள் 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நுகர்வோர் சட்டத்திலிருந்து விலக்கப்பட்டுவிட்டன. ஆகவே நுகர்வோர் மன்றம் இருக்கிறது என்று நம்பியிராமல், சிவில் நீதிமன்றத்துக்குச் செல்லத் தக்க தஸ்தாவேஜுகளோடு ஆரம்பம் முதலே இருப்பது புத்திசாலித்தனம்.

வரி இலாகாவின் பதிவு

கடைசியாக வரியைப் பற்றிச் சில வார்த்தைகள். சரக்குச் சீட்டு வழங்கி ஏற்றுச்செல்லும் கம்பெனி ஜி.எஸ்.டி. சட்டத்தில் தனி வகையாகக் கருதப்படுகிறது. கம்பெனி தானே வரி வசூலித்துச் செலுத்தும் முறையைத் தேர்ந்தெடுத்திருந்தாலன்றி, சில வகையான வாடிக்கைக்காரர்கள் வாடகையின் மேல் 5 சதவிகித வரியைத் தாமே அரசாங்கத்துக்குச் செலுத்த வேண்டும். இதற்கு ரிவர்ஸ் சார்ஜ் என்று பெயர். அந்த வாடிக்கைக்காரர்களின் வரிசையில் கூட்டுறவுச் சங்கங்கள் பெயர் குறித்தே சேர்க்கப்பட்டிருக்கின்றன. இவ்வாறு வரி செலுத்தக் கடமைப்பட்டவர் விற்றுமுதல் வரம்பைப் பாராமல் ஜி.எஸ்.டி. பதிவும் பெற வேண்டும். சிறிய சங்கங்கள் இதை அறியாமலிருந்து, தணிக்கையின்போது வட்டியும் சேர்த்துக் கட்ட நேரிடலாம். விவசாய விளைபொருளை ஏற்றிச்செல்வதற்கான வாடகைக்கு இவ்வரி இல்லை. நெய்த துணிக்கு அவ்விலக்கு இல்லை. இரண்டையும் ஒரே லாரியில் அனுப்பும் சங்கங்கள் வாடகை ரசீதைத் தனித்தனியே பெறுவது கணக்கருக்கு உதவும்.

2017-ஆம் ஆண்டு ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் மாநில எல்லைகளிலிருந்த விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் எடுபட்டன. அவ்விடத்தை 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் இ-வே பில் பிடித்துக்கொண்டது. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட வரிக்குரிய சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் செல்லும்போது இது வேண்டும். பசிய பழமும் காய்கறியும் விலக்குப் பெற்றவை. உலர்ந்த மஞ்சள் அவ்வாறன்று. வெளிமாநிலத்தில் கூலிக்குச் சாயமிடவோ நெய்யவோ நூலை அனுப்பினால், மதிப்பு எவ்வளவு சொற்பமாயினும் இ-வே பில் வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இதன் ஆயுள் 2021-ஆம் ஆண்டு ஜனவரி முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் அமைந்தது. 1,400 கிலோமீட்டருக்கு ஏழு நாள். லாரி நடுவழியில் பழுதாகி நின்றால், கெடு முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்போ பின்போ அதை நீட்டித்துக்கொள்ள வேண்டும். தவறினால் சரக்கு நிறுத்தப்பட்டு, வரியைப் போல் இருமடங்கு வரையில் தண்டம் கேட்கப்படலாம்.

ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத லாரிக் கம்பெனியும் இ-வே பில் தளத்தில் தனியாகப் பெயர் பதிந்து, பதினைந்து இலக்க அடையாள எண் பெறலாம். அந்த எண்ணைக் கம்பெனி காட்டினால், அது இ-வே பில் தளத்தில் பெயர் பதிந்ததற்கு மட்டுமே அத்தாட்சி. 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெற வேண்டிய பதிவுச் சான்றிதழை அப்பொழுதும் தனியே கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். இரண்டு எண்களையும், சான்றிதழ் முடியும் தேதியையும், புக் செய்த நாளிலிருந்து நூற்றெண்பதாம் நாள் எது என்பதையும் சங்கத்தின் சரக்கு அனுப்பும் ரிஜிஸ்டரில் எல்.ஆர். எண்ணுக்கு எதிரே எழுதி வைக்க ஒரு பத்தி கோடிட்டுக்கொள்ளலாம்.